கயிற்றுக்கு ஒரு பாராசூட்!

பாராசூட் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன, குட்டீஸ்? விமானத்திலிருந்து குதிக்கும் ராணுவ வீரர், விண்வெளியிலிருந்து திரும்பி வரும் கலம், வெள்ளப் பகுதியில் வானிலிருந்து இறக்கப்படும் உணவு மூட்டை... இப்படித்தானே?

ஆளும் இல்லாமல், மூட்டையும் இல்லாமல், ஒரு கயிறு பத்திரமாகத் தரையிறங்குவதற்காகவே ஒரு பாராசூட் இருக்கிறது தெரியுமா? ஒரே நாளில் பல தடவை வானத்துக்குப் போய் வருகிறது. வந்ததும் தரையில் தரதரவென்று இழுபடுகிறது. மறுபடியும் வானத்துக்குப் போகிறது. இவ்வளவு அடிபடும் பாராசூட் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்!

இப்படி உழைக்கும் பாராசூட்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? "நல்ல கெட்டித் துணியாகப் பார்த்து வாங்கினால் போச்சு" என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. கெட்டியான துணி எல்லாம் நல்ல பாராசூட் ஆகிவிடாது. ஏன் என்று பார்ப்போமா?

என்ஜின் இல்லாத விமானம்

பருந்து இறக்கையை அசைக்காமலே வட்டமிட்டு மேலே மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் சூடான காற்று மேலே எழும்புகிறது. அந்தக் காற்று பருந்தையும் தூக்கிக்கொண்டு போகிறது. கிளைடர் விமானமும் இதே வித்தையைத்தான் செய்கிறது. நீண்டு மெலிந்த இறக்கைகள் உண்டு. விமானி உண்டு. என்ஜின் மட்டும் கிடையாது!

ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ லிலியென்தால் 1891-ஆம் ஆண்டு முதல் குன்றுகளிலிருந்து குதித்து, தான் செய்த இறக்கைகளால் மிதந்து காட்டினார். 1896-இல் ஒரு விபத்தில் அவர் உயிரிழந்தார். ஆனாலும் அவர் விதைத்த ஆசை அழியவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு, 1919-இல் ஏற்பட்ட வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியில் என்ஜின் விமானங்களுக்குக் கடும் கட்டுப்பாடு போட்டது. உடனே அந்த நாட்டு இளைஞர்கள் என்ஜின் இல்லாத விமானத்தின் பக்கம் திரும்பினார்கள். 1920-இல் வாசர்குப்பே என்ற மலையில் கிளைடர் போட்டியே நடத்தினார்கள்.

அப்போதெல்லாம் கிளைடரை எப்படிக் கிளப்பினார்கள் தெரியுமா? உண்டிவில்தான்! கிளைடரின் மூக்கில் ஒரு நீளமான ரப்பர் கயிற்றை மாட்டுவார்கள். அதன் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு ஆட்கள் மலைச்சரிவில் ஓடுவார்கள். ரப்பர் நன்றாக நீண்டதும் கிளைடரை விடுவிப்பார்கள். 'விர்ர்'ரென்று அது காற்றில் பாயும்.

மலை இருந்தால் சரி. சமவெளியில் என்ன செய்வது? அதற்காக வந்ததுதான் விஞ்ச்.

பட்டம் விடுவது போலத்தான்!

விஞ்ச் என்பது என்ஜினால் சுழலும் ஒரு பெரிய உருளை. நம் ஊர்க் கிணற்று ராட்டினத்தில் கயிறு சும்மா ஓடி வரும். இதில் கயிறு உருளையில் சுற்றிக்கொள்ளும். பறக்கும் தளத்தின் ஒரு கோடியில் விஞ்ச் நிற்கும். மறு கோடியில் கிளைடர் நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கயிறு கிடக்கும்.

விஞ்ச் ஓட்டுநர் என்ஜினை முடுக்கியதும் கயிறு சுற்றிக்கொள்ளத் தொடங்கும். சில விநாடிகளிலேயே கிளைடர் தரையைவிட்டுக் கிளம்பிவிடும். பிறகு, ஓடிக்கொண்டே நூலை இழுத்தால் பட்டம் எழும்புமே, அதைப் போல மூக்கைத் தூக்கிக்கொண்டு மணிக்கு 100 கி.மீ. அளவு வேகத்தில் செங்குத்தாக ஏறும். ஒரு நிமிடத்துக்குள் 300, 400 மீட்டர் உயரம்! அந்த உயரத்தில் விமானி ஒரு மஞ்சள் குமிழை இழுப்பார். கொக்கி திறந்து, கயிறு கழன்றுவிடும். கிளைடர் தன் வழியே பறந்து போகும்.

ஐரோப்பாவில் பல கிளைடர் சங்கங்களில் இன்றும் இதுதான் நடைமுறை. நம் நாட்டிலும் புனே நகரின் ஹடப்சர் கிளைடர் தளத்தில் பல மாணவர்கள் விஞ்ச் மூலம் மேலேறிப் பழகியிருக்கிறார்கள்.

இன்னொரு செய்தி கேளுங்கள். ஜெர்மனியில் 14 வயது நிரம்பிய மாணவர், பயிற்சியை முடித்து, ஆசிரியரின் அனுமதியும் கிடைத்தால் கிளைடரில் தன்னந்தனியாகப் பறக்கலாம். ஆமாம், உங்கள் வயதுதான்! அந்தக் கயிற்றின் நுனியில் இருப்பது ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

கழன்ற கயிறு என்ன ஆகும்?

கிளைடர் போய்விட்டது. 400 மீட்டர் உயரத்தில் கயிறு மட்டும் தனியாக நிற்கிறது. இனி என்ன?

எஃகுக் கம்பிக் கயிறாக இருந்தால், ஒரு கிலோமீட்டர் நீளம் அதன் தடிமனைப் பொறுத்து 60 முதல் 100 கிலோ வரை எடை இருக்கும். அது அப்படியே 'பொத்'தென்று விழுந்தால்? தரையில் சுருள் சுருளாகக் குவியும். சிக்கலாகும். ஒரு சுருள் இறுகினால் கம்பி மடங்கி நெளிந்துவிடும். அந்த இடத்தில் அடுத்த தடவை அறுந்துபோகலாம். காற்று அடித்தால் தளத்துக்கு வெளியே போய் வேலி மேலோ, சாலை மேலோ, ஆள் மேலோ விழலாம்.

இதைத் தடுக்கத்தான் கயிற்றின் மேல் நுனிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சிறிய பாராசூட்டை இணைத்திருக்கிறார்கள். கிளைடர் கயிற்றைக் கழற்றிவிட்டதும் பாராசூட் 'பட்'டென்று விரியும். கயிறு மெதுவாக இறங்கத் தொடங்கும். விஞ்ச் ஓட்டுநர் அந்த நேரத்தில் தொய்வு விழாமல் கயிற்றை இழுத்துச் சுற்றிக்கொண்டே இருப்பார். பாராசூட் அவர் பக்கமாக நகர்ந்து வந்து, விஞ்சுக்குச் சற்று முன்னால் தரையைத் தொடும்.

ஒரே பாராசூட், இரண்டு வேலை

கவனித்தீர்களா, குட்டீஸ்? இந்தப் பாராசூட் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். மேலே போகும்போது விரியவே கூடாது. கழன்ற பிறகு விரிந்தே ஆக வேண்டும்!

இது எப்படி முடிகிறது? ஒரு போர்வையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து விறைப்பாக இழுத்துப் பாருங்கள். அது ஒடுங்கிக் கயிறு மாதிரி ஆகிவிடும். ஒருவர் கையை விட்டால் போதும், காற்றில் படபடக்கும். கயிற்றுப் பாராசூட்டும் இப்படித்தான். அதன் உச்சி கிளைடர் பக்கம். அதன் நூல்கள் எல்லாம் ஒன்றுசேரும் இடம் விஞ்ச் பக்கம். இருபுறமும் இழுபடும் வரை மூடிக் கிடக்கும். கிளைடர் பக்கம் இழுப்பு நின்றவுடன் அதன் வாயில் காற்று புகுந்து விரிந்துவிடும்.

சரி, பாதி வழியில் விஞ்ச் என்ஜின் நின்றுபோனால்? அப்போதும் இழுப்பு குறையும். பாராசூட் கிளைடரின் மூக்குக்கு முன்னாலேயே விரிந்துவிடலாம். கிளைடர் அதற்குள் பாய்ந்தால் விமானியின் கண்ணாடி மூடிக்கொள்ளும். பெரிய ஆபத்து! அதனால் பாராசூட்டுக்கும் கிளைடருக்கும் நடுவே பல மீட்டர் நீளத்துக்கு ஒரு முன்கயிறு போட்டுத் தள்ளி வைக்கிறார்கள். விமானிக்கும் பயிற்சி உண்டு. இழுப்பு நின்றால் உடனே மூக்கைக் கீழே இறக்கி வேகத்தைக் காப்பாற்ற வேண்டும்; பிறகு மஞ்சள் குமிழை இழுத்துக் கயிற்றைக் கழற்ற வேண்டும்.

பாராசூட்டின் நான்கு எதிரிகள்

நீடித்து உழைக்கும் பாராசூட் வேண்டுமானால், அதை எது கெடுக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா?

முதல் எதிரி, தரை. கிளைடர் கிளம்பும்போது பாராசூட் தரையில் உரசியபடிதான் ஓடுகிறது. இறங்கியதும் மறுபடி உரசல். பிறகு டிராக்டரோ, காரோ கயிற்றின் நுனியை மாட்டிக்கொண்டு, கிளைடர் நிற்கும் கோடி வரை இழுத்துக்கொண்டு போகும். அந்த வழி முழுக்க உரசல்தான். புல் தரை என்றால் பரவாயில்லை. கல்லும் கான்கிரீட்டும் என்றால் அரம் போட்டுத் தேய்ப்பது மாதிரி!

இரண்டாவது எதிரி, வெயில். நைலான் இழையைச் சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் மெல்ல மெல்லப் பலவீனமாக்கும். பார்க்க முழுசாகத் தெரியும். இழுத்தால் கிழியும். துணி காயப்போடும் பழைய நைலான் கொடி ஒரு நாள் திடீரென்று அறுவது இதனால்தான்.

மூன்றாவது எதிரி, ஈரம். நனைந்த துணி கனக்கும், ஒட்டிக்கொள்ளும், சரியாக விரியாது. சேறும் மணலும் சேர்ந்தால் இழைகளுக்கு நடுவே புகுந்து உள்ளேயே அறுக்கும்.

நான்காவது எதிரி, வெட்டிழுப்பு. பாராசூட் விரியும் அந்த ஒரு கணத்தில் தையல்கள் மேல் திடீரென்று பெரும் இழுப்பு விழும். துணி தாங்கினாலும் தையல் தாங்க வேண்டுமே!

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் துணி. பழைய காலத்துப் பாராசூட்டுகள் பட்டுத் துணியால் ஆனவை. 1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியல் அறிஞரின் குழு நைலானை உருவாக்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டின் இடத்தை நைலான் பிடித்துக்கொண்டது. நைலான் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். அதனால் வெட்டிழுப்பைத் தாங்கும். பருத்தி போல எளிதில் மட்கிப் போகாது.

இதிலும் 'ரிப்ஸ்டாப்' என்று ஒரு வகை உண்டு. துணியை உற்றுப் பார்த்தால் குட்டிக் குட்டிக் கட்டங்கள் தெரியும். சில மில்லிமீட்டருக்கு ஒரு முறை தடித்த இழையைச் சேர்த்து நெய்திருப்பார்கள். ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தாலும் கிழிசல் அடுத்த தடித்த இழையில் முட்டி நின்றுவிடும். கட்டம் போட்ட நோட்டில் கோடு தாண்டாமல் எழுதுவது போல!

அப்படியானால், லாரிக்குப் போடும் தார்பாய் மாதிரி தடித்த துணியை எடுத்தால் இன்னும் நல்லதுதானே? தேய்மானம் தாங்கும், உண்மைதான். ஆனால் கனமும் விறைப்பும் அதிகம். மடிந்தது மடிந்தபடியே கிடக்கும், விரிய நேரமாகும். அதற்குள் கயிறு பாதி தூரம் விழுந்துவிடும். மெல்லிய துணியோ உடனே விரியும். ஆனால் சில நாள் உரசலிலேயே சல்லடை ஆகிவிடும். எனவே நடுத்தரமான துணியை எடுத்து, அதிகம் உரசும் உச்சியிலும் விளிம்பிலும் மட்டும் தடித்த நாடா வைத்துத் தைத்ததைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். உங்கள் சீருடைப் பேன்ட்டில் முட்டியில் மட்டும் ஒட்டுப் போடுகிறார்களே, அதே யோசனைதான்.

அடுத்து, அளவு. பாராசூட்டின் குறுக்களவை இரண்டு மடங்காக்கினால் அதன் பரப்பு நான்கு மடங்காகும். இறங்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதற்காக மிகப் பெரியதாக வைத்தால், பக்கவாட்டுக் காற்றில் கயிற்றையும் இழுத்துக்கொண்டு தளத்துக்கு வெளியே போய்விடும்! சிறியதாக வைத்தால் வேகமாக விழும். கயிற்றின் எடைக்கு ஏற்ற அளவுதான் சரி.

கயிற்றிலும் இப்போது மாற்றம் வந்துவிட்டது. பல சங்கங்கள் எஃகுக்குப் பதிலாக டைனீமா போன்ற செயற்கை இழைக் கயிற்றைப் பயன்படுத்துகின்றன. இது கடைப் பிளாஸ்டிக் பையைப் போலப் பாலிஎத்திலீன்தான்! ஆனால் இதன் மூலக்கூறுகள் மிக மிக நீளமானவை. ஒரே திசையில் வரிசையாக அடுக்கப்பட்டவை. அதனால் எஃகு போல வலிமை. தண்ணீரில் மிதக்கும் அளவு லேசு. 5 மி.மீ. தடிமனில் ஒரு கிலோமீட்டர் கயிறு சுமார் 15 கிலோதான். கயிறு லேசானதால் பாராசூட்டும் சிறியதாக இருந்தால் போதும். பழைய எஃகுக் கயிற்றின் பெரிய பாராசூட்டை இதில் மாட்டினால் காற்றோடு போய்விடும்.

மூன்றாவது, தையலும் இணைப்பும். உங்கள் பள்ளிப் பையின் தோள்பட்டை நாடா பையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சதுரமும், அதற்குள் ஒரு பெருக்கல் குறியும் போலத் தைத்திருப்பார்கள். இழுப்பு ஒரே வரிசைத் தையலில் விழாமல் பல வரிசைகளுக்குப் பகிர்ந்து போவதற்காகவே அப்படி. நல்ல பாராசூட்டின் நாடாக்களிலும் இத்தகைய தையலைப் பார்க்கலாம். நூல்களில் முடிச்சு போட்டிருந்தால் யோசிக்க வேண்டும். முடிச்சு விழும் இடத்தில் கயிறு தன் வலிமையில் பெரும் பங்கை இழந்துவிடும். இரும்பு வளையம் துணியில் நேராக உரசவும் கூடாது.

நான்காவது, உச்சியில் ஒரு துளை. 'பாராசூட்டில் ஓட்டையா?' என்று சிரிக்காதீர்கள். 1797-ஆம் ஆண்டு அக்டோபர் 22 அன்று, பிரான்ஸ் நாட்டின் ஆந்திரே கார்னரின் பாரிஸ் நகரில் பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கினார். உச்சியில் துளை இல்லாததால் அது ஊஞ்சல் போலப் பயங்கரமாக ஆடியது! உள்ளே அடைபட்ட காற்று விளிம்பு வழியே மாறி மாறி வழிந்ததுதான் காரணம். உச்சியில் துளை வைத்தால் காற்று ஒழுங்காக வெளியேறும், ஆட்டம் குறையும்.

ஐந்தாவது, நிறம். ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்து விஞ்ச் ஓட்டுநர் பாராசூட்டைப் பார்த்துத்தான் இழுப்பைக் கூட்டிக் குறைக்கிறார். ஆரஞ்சு, சிவப்பு போன்ற பளிச் நிறம் என்றால் அவருக்கு உதவி. நீலமோ, வெள்ளையோ வானத்தில் கலந்துவிடும்.

கடைசியாக, பழுது பார்க்க முடிவது. எந்தப் பாராசூட்டும் ஒரு நாள் தேயத்தான் செய்யும். ஒரு நூல் அறுந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா? ஓட்டைக்கு ஒட்டுப் போட முடியுமா? இதற்கு 'ஆம்' என்று பதில் வந்தால், அதுதான் நெடுநாள் உழைக்கும்.

'நிறுத்து' சொல்லும் உரிமை

வாங்கி மாட்டியதோடு வேலை முடிவதில்லை. காலையில் பறக்கத் தொடங்கும் முன் பாராசூட்டை விரித்து வைத்துப் பார்க்க வேண்டும். துணியில் ஓட்டை உண்டா? தையல் பிரிந்திருக்கிறதா? நூல்கள் சிக்கியிருக்கின்றனவா? வளையங்கள் தேய்ந்திருக்கின்றனவா? நனைந்திருந்தால் காய வைக்க வேண்டும். மாலையில் வெயில் படாத இடத்தில் எடுத்து வைக்க வேண்டும்.

சங்கங்களில் இந்த வேலைகளில் மாணவர்களும் பங்கெடுக்கிறார்கள். கயிறு மாட்டுவது, இறக்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவது, சைகை காட்டுவது எல்லாம் பழகிக்கொள்கிறார்கள். அங்கே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. கிளைடர் கிளம்பும் நேரத்தில் யார் கண்ணில் குறை பட்டாலும் 'நிறுத்து' என்று குரல் கொடுக்கலாம். பெரியவர், சின்னவர் என்ற வித்தியாசம் இல்லை. குரல் கேட்டால் புறப்பாடு நின்றுவிடும். அன்று முதல் முறையாகத் தனியே பறக்கப் போகும் 14 வயது மாணவரின் உயிர், ஒரு பிரிந்த தையலைக் கவனித்த இன்னொரு 14 வயது மாணவரின் கண்ணில் இருக்கிறது!

நீங்களே செய்து பாருங்கள்

தேவையான பொருட்கள்: பழைய வேட்டித் துண்டு, கிழிந்த குடைத் துணி, பழைய ஜீன்ஸ் துணி. மூன்றிலும் ஒரு அடிச் சதுரமாக ஒன்றும், உள்ளங்கை அளவில் ஒன்றும் வெட்டிக்கொள்ளுங்கள். நூல், ஒரு சிறிய இரும்பு நட்டு.

முதல் சோதனை: சிறிய துண்டுகளை ஒவ்வொன்றாக ஒரு ரப்பரில் சுற்றி, சொரசொரப்பான சிமென்ட் தரையில் ஒரே அழுத்தத்தில் 50 தடவை தேயுங்கள். எது முதலில் நைந்து போகிறது?

இரண்டாவது சோதனை: பெரிய சதுரங்களின் நான்கு மூலைகளிலும் ஒரே நீள நூல் கட்டி, முனைகளைச் சேர்த்து நட்டை மாட்டுங்கள். மூன்றையும் ஒரே உயரத்திலிருந்து விடுங்கள். உயரமான பெரியவர் யாரையாவது விடச் சொல்லலாம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறக் கூடாது! எது உடனே விரிகிறது? எது கல் மாதிரி விழுகிறது?

இரண்டு சோதனைகளிலும் முதல் இடம் ஒரே துணிக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கிடைக்காது. அப்போது, ஒன்றில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, இன்னொன்றில் கொஞ்சம் பிடித்துவைத்து, இரண்டிலும் தேறும் துணியை நீங்களே தேர்ந்தெடுங்கள். கிளைடர் சங்கத்தார் செய்வதும் அதைத்தான், குட்டீஸ்!